வீடு காலியாவது முதலில் யாருக்குத் தெரியும்?

வாசகர் கேள்வி – பதில்: சிறுதொழில் பக்கம்

வீடு சுத்தம் செய்து தரும் தொழிலைப் புதிதாகத் தொடங்கியவர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நானும் என் நாத்தனாரும், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவருமாக மூன்று பேர் சேர்ந்து தொழிலைத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. வேக்குவம் மெஷின், ஏணி, மாப் எல்லாம் வாங்கிவிட்டோம். 3,000 நோட்டீஸ் அடித்து, காலைப் பேப்பருக்குள் வைத்து வீடு வீடாகப் போய்ச் சேரும்படி செய்தோம். ஒன்பது பேர் போன் செய்தார்கள். இரண்டு வேலைதான் கிடைத்தது. வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது?
— ஒரு வாசகி, கணபதி, கோவை

பதில்: நோட்டீஸில் குறை இருந்திருக்காது, அது போய்ச் சேர்ந்த நாள்தான் பொருந்தவில்லை. வீட்டை மொத்தமாகச் சுத்தம் செய்ய வெளியாளைக் கூப்பிடும் தேவை ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் ஒன்றிரண்டு முறைதான் வரும். வீடு மாறும்போது, பெயிண்ட் அடித்து முடித்ததும், கிரகப்பிரவேசத்துக்கு முன்னால், வீட்டில் விசேஷம் வைத்திருக்கும்போது, தீபாவளி, பொங்கல் சமயத்தில். அந்த வாரத்தில் கைக்கு வராத நோட்டீஸ் அலமாரித் தட்டுக்கு விரிப்பாகப் போய்விடும்.

அதனால் கேள்வியை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு இந்தத் தேவை வரப்போகிறது என்பது உங்களுக்கு முன்னாடியே யாருக்குத் தெரியும்?

முதல் ஆள் வீட்டு புரோக்கர். குடியிருப்பவர் காலி செய்வதற்கு ஒரு மாதம் முன்பே அவர் காதுக்குச் செய்தி வந்துவிடும். அடுத்து வருபவருக்கு வீட்டைக் காட்டுவதும் அவர்தான். கறை படிந்த கழிவறையையும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அடுப்படியையும் பார்த்துவிட்டு, "சொல்றோம்" என்று போனவர்கள் திரும்பி வருவதில்லை. அதில் நஷ்டம் புரோக்கருக்குத்தான். ஆகவே அவரிடம் போய் "வேலை இருந்தா சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்பவர்கள் தினமும் பத்துப் பேர் வருகிறார்கள். "இப்ப காலியா இருக்கிற வீடு ஒண்ணு சொல்லுங்கண்ணா, ஓனர்கிட்ட கேட்டுட்டு அதுல ஒரு பாத்ரூம் மட்டும் காசு வாங்காம செஞ்சு தர்றோம். பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்று சொல்லுங்கள்.

அந்த ஒரு பாத்ரூமில் எல்லாவற்றையும் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். குழாயில் கவனம் வையுங்கள். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் அவ்வளவாகத் தெரியாது. போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் குழாய் முழுக்க வெள்ளை உப்பு கட்டியிருக்கும். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரையுங்கள். பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு துணியாலேயே துடைத்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு இழு. உப்பு கனமாக இருந்தால் இன்னொரு முறை கட்ட வேண்டியிருக்கும். அப்போதும் கம்பி நாரைத் தொடாதீர்கள், குரோம் பூச்சில் கீறல் விழுந்துவிடும். இரண்டு குழாயில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதை அப்படியே விட்டு வையுங்கள். புரோக்கர் வந்து பார்க்கும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். அவர் பார்த்த பிறகு அடுத்ததையும் முடித்துக் கொடுங்கள்.

அவர் மூலம் வேலை வந்தால் கமிஷன் எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். சதவீதக் கணக்கு வேண்டாம், சண்டையில் முடியும். ஒரு வீட்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாடிக்கையாளர் பணம் கொடுத்த அன்றைக்கே ஜிபேயில் போட்டுவிடுங்கள். கேட்ட பிறகு கொடுக்கும் கமிஷனுக்கு அடுத்த வேலை வராது.

இரண்டாவது ஆள் பெயிண்ட் மேஸ்திரி. பெயிண்ட் வேலை முடியும்போது தரை முழுக்கப் புள்ளி, ஜன்னல் கண்ணாடியில் பிசிறு, மூலையெல்லாம் சுவரில் பூசித் தேய்த்த புட்டியின் தூள். "இதை எடுத்துக் கொடுத்துட்டு மீதிக் காசை வாங்கிக்க" என்று வீட்டுக்காரர் கடைசித் தவணையை நிறுத்தி வைப்பார். மேஸ்திரியின் ஆட்களோ அடுத்த சைட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த இடத்தில் நீங்கள் நின்றால் மேஸ்திரிக்குப் பணம் வரும், உங்களுக்கு வேலை வரும். ஆனால் இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. புட்டித் தூளில் முதலில் தண்ணீர் பட்டால் அது கூழாகி டைல்ஸ் இடுக்கில் இறங்கிவிடும். காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாகத் திரும்பத் திரும்ப எழும்பும். எனவே முதலில் வேக்குவம், பிறகுதான் ஈரத் துணி. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட் புள்ளிகளைச் சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் தள்ளலாம். கதவு, ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டுக்கு டர்பன்டைன் வேண்டும். அதைத் துணியில் தொட்டுத் துடையுங்கள், தரையில் ஊற்றாதீர்கள். அந்த நேரம் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது.

இன்டீரியர் தச்சு வேலை செய்பவர்கள், வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் லாரிக்காரர்கள் ஆகியோரும் இதே வரிசையில் வருவார்கள்.

ஊர் முழுக்க அலைய வேண்டாம். கணபதியிலிருந்து சரவணம்பட்டி வரைக்குமான பகுதியே உங்களுக்குப் போதும். ஐ.டி. ஊழியர்கள் வாடகைக்கு இருப்பதும் மாறுவதுமாக இருக்கும் இடம் அது. ஏணியையும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு வடவள்ளிக்குப் போனால் வண்டி வாடகையும் போய்வரும் நேரமும் லாபத்தைத் தின்றுவிடும்.  உங்கள் பகுதியில் பத்து புரோக்கர், ஆறு மேஸ்திரி பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் போய் ஐந்து நிமிடம் பேசுங்கள். யார் மூலம் எந்த வேலை வந்தது, கமிஷன் கொடுத்த தேதி எது என்பதும் அதே நோட்டில் இருக்கட்டும்.

மாதக் கணக்கையும் மனதில் வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுபவர்கள் குறைவு, கிரகப்பிரவேசமும் இருக்காது. அந்த நாட்களில் வேலை இல்லையே என்று உட்கார்ந்துவிடாமல், ஆவணிக்கும் தைக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். பள்ளி திறக்கும் முன் வீடு மாறுபவர்களால் மே மாதம் நெருக்கடியாக இருக்கும். போகிக்கு முந்தைய பத்து நாளிலும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்திலும் உங்களால் செய்ய முடிந்ததைவிட அதிகமாகவே வேலை வரும். அப்போது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அரைகுறையாக முடித்தால், மற்ற மாதங்களில் சேர்த்த பெயர் அந்த மூன்று வாரத்தில் போய்விடும்.

கேள்வி: போன் செய்பவர்கள் எடுத்த எடுப்பில் "ரேட் எவ்வளவு?" என்கிறார்கள். சொன்னதும் "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறார்கள். விலையைக் குறைத்துச் சொல்லலாமா? ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டுமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: குறைக்காதீர்கள், முதலில் கணக்கைப் போடுங்கள். உதாரணமாக, காலியாக இருக்கும் டபுள் பெட்ரூம் வீடு, மூன்று பேருக்கு ஒரு நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். கூலி தலா 700 வீதம் 2,100. சோப்பு, திரவங்கள், துணி 250. வண்டி 250. டீ, சாப்பாடு 100. மெஷின் தேய்மானத்துக்கு 200. கமிஷன் 300. ஆக 3,200. இதன்மேல் 25 சதவீதம் சேர்த்து 4,000 என்று சொன்னால் லாபம் 25 சதவீதம் என்று நினைத்துக்கொள்வோம். வாங்கும் பணத்தில் அது 20 சதவீதம்தான். வாங்கும் பணத்தில் கால் பங்கு மிஞ்ச வேண்டுமென்றால் 3,200ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும்: கிட்டத்தட்ட 4,270. ஆகவே 4,300. உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

போனில் ரேட் சொல்லும் முன் நான்கு விஷயம் கேளுங்கள். வீடு காலியா, ஆள் இருக்கிறார்களா? பாத்ரூம் எத்தனை? அடுப்படியில் சிம்னி இருக்கிறதா, கடைசியாக எப்போது கழுவியது? தண்ணீரும் கரண்டும் இருக்கிறதா? (காலி வீட்டில் மோட்டார் ஓடாமல் அரை நாள் வீணாவது அடிக்கடி நடப்பது.) கேட்கக் கேட்க, தொழில் தெரிந்தவரிடம்தான் பேசுகிறோம் என்பது எதிர்முனையில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். பிறகு, "காலி வீடுன்னா 4,300ல இருந்து ஆரம்பம். அடுப்படி, பாத்ரூம், ஜன்னல், தரை, இன்னொரு ரூம்னு அஞ்சு போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பத்து நிமிஷத்துல சரியான தொகை சொல்றேன்" என்று சொல்லுங்கள். போட்டோ அனுப்பியவர் பாதி முடிவெடுத்தவர். அனுப்பாதவருக்குப் பின்னால் ஓட வேண்டாம்.

தொகையோடு எதெல்லாம் சேர்த்தி, எதெல்லாம் சேர்த்தி இல்லை என்பதையும் எழுதி அனுப்புங்கள். மாடி ஜன்னலின் வெளிப்பக்கக் கண்ணாடி இல்லை, கரப்பான் மருந்து அடிப்பது இல்லை என்பது போல. வேலை முடியும் நேரத்தில் வரும் தகராறில் பெரும்பகுதி இந்த ஒரு காகிதம் இல்லாததால்தான். "குறைச்சுக்கோங்க" என்று கேட்டால் தொகையைக் குறைக்காமல் வேலையைக் குறைத்துக் காட்டுங்கள்: "பால்கனியும் கொசுவலையும் விட்டுட்டா 3,800." தேதியை உறுதி செய்ய 20 சதவீதம் முன்பணம் வாங்குங்கள். மீதியை, வீட்டுக்காரர் அறை அறையாக உங்களோடு சுற்றிப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

ஜிஎஸ்டி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி போட்டு வாங்கக் கூடாது.

கேள்வி: எங்கள் பகுதியில் எங்கு பார்த்தாலும் அபார்ட்மென்ட்தான். ஆனால் கேட்டிலேயே செக்யூரிட்டி நிறுத்திவிடுகிறார். உள்ளே எப்படிப் போவது?
— ஒரு வாசகி, மேடவாக்கம், சென்னை

பதில்: செக்யூரிட்டியைத் தாண்டிப் போவதற்கு வழி தேடாதீர்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் பாருங்கள். அவருக்கு இருக்கும் பயம் ஒன்றே ஒன்று: உள்ளே விட்ட ஆளால் ஏதாவது நடந்தால் தன்னைத்தான் கேட்பார்கள். அந்தப் பயத்துக்கு உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும். வேலையாட்கள் ஒவ்வொருவரின் ஆதார் நகலும் போட்டோவும், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம் வழியாக விண்ணப்பித்து வாங்கிய போலீஸ் சரிபார்ப்புச் சான்று, உத்யம் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) சான்று. உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது; பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். கூடவே உங்களோடு வேலை செய்யும் பெண்கள் எல்லோரையும் வங்கியில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய்; விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனமானாலோ 2 லட்சம் கிடைக்கும். 18 முதல் 70 வயதுவரை சேரலாம். செயலாளருக்குக் காட்ட உதவும் என்பதைவிட, ஏணியில் ஏறி வேலை செய்யும் பெண்ணுக்கு அது அவசியம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் மேசை போட அனுமதி கேளுங்கள். பேனர் தேவையில்லை. யாராவது ஒருவர் வீட்டுச் சிம்னி ஃபில்டரைக் கேட்டு வாங்கி, அங்கேயே பாதியை மட்டும் சுத்தம் செய்து நிறுத்தி வையுங்கள். தகடு தகடாக இருக்கும் ஸ்டீல் பேஃபிள் ஃபில்டராக இருந்தால் சலவை சோடா கலந்த வெந்நீரில் பாதி மூழ்கும்படி இருபது நிமிடம் ஊற வைத்தால் பிசுக்கு கழன்று வரும். ஆனால் வலை போல இருக்கும் அலுமினிய ஃபில்டரைச் சோடாவில் போட்டுவிடாதீர்கள், கறுத்துப்போகும். அதற்குப் பாத்திரம் தேய்க்கும் திரவமும் வெந்நீரும் மட்டும். எல்லார் கண்ணெதிரிலும் ஃபில்டர் கறுத்தால் அந்த அபார்ட்மென்ட் அன்றோடு முடிந்தது, ஆகவே கையில் எடுத்ததும் எந்த உலோகம் என்று பாருங்கள்.

முதல் வேலை கிடைத்த பிளாக்கிலேயே அடுத்ததையும் தேடுங்கள். "நாளைக்கும் இதே பிளாக்ல இருக்கோம், வண்டிச் செலவு இல்லாததால 200 குறைவு" என்று வாடிக்கையாளர் வழியாகவே அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். நீங்களே குழுவில் நுழைந்து விளம்பரம் போட்டால் வெளியேற்றுவார்கள்.

கேள்வி: கூகுளில் வருவதற்கு ஒரு ஏஜென்ட் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். கூகுள் தேடலிலும் மேப்பிலும் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். வீட்டிலிருந்தே தொழில் நடத்துபவர் முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் காட்டலாம்: தில்லை நகர், உறையூர், ஸ்ரீரங்கம் என்று. சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். உங்கள் தெரு, கருவிகள், தொழில் பெயர் போட்ட பில் புத்தகம் எல்லாம் ஒரே ஓட்டத்தில் தெரியும்படி எடுங்கள். பெயர் போடும் இடத்தில் உங்கள் தொழில் பெயர் மட்டும் இருக்கட்டும். "திருச்சி நம்பர் ஒன் டீப் கிளீனிங்" என்றெல்லாம் பெயரோடு ஒட்டினால் புரொஃபைல் முடக்கப்படலாம்.

ரிவ்யூ கேட்க நல்ல நேரம் வேலை முடிந்த அன்று மாலை. லிங்கை அனுப்பி, "எந்த வேலை பிடிச்சிருந்ததுன்னு ஒரு வரி எழுதுங்க" என்று கேளுங்கள். ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்று சொல்லாதீர்கள், கூகுள் விதி அதை அனுமதிப்பதில்லை.

வாட்ஸ்அப் பிசினஸில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஆகவே பணம் வாங்கிக்கொண்டு கிளம்பும் முன், "நம்பரை சேவ் பண்ணிக்கோங்கக்கா, தீபாவளிக்கு முன்னாடி தேதி சொல்லி அனுப்புறேன்" என்று வாசலில் நின்றபடியே சேமிக்க வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு வீட்டில் பாத்ரூம் தரை பளபளப்பு போய்விட்டது என்று பணம் தர மறுத்துவிட்டார்கள். எப்போதும் பயன்படுத்தும் டாய்லெட் கிளீனர்தான் ஊற்றினோம். அந்தத் தெருவில் இனி வேலை கிடைக்குமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: அது மார்பிள் தரையாக இருந்திருக்கும். டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. மார்பிளும், அடுப்படித் திட்டுக்குப் போடும் கடப்பா கல்லும் சுண்ணாம்பு வகை. அமிலம் பட்டால் மேற்பரப்பே அரித்துப்போகும். அது கறை அல்ல, எதைப் போட்டுத் தேய்த்தாலும் வராது. பாலிஷ் மெஷின் வைத்து மறுபடி பாலிஷ் போடுவதுதான் வழி. மேலே சொன்ன எலுமிச்சை உப்புக்கும் இதே எச்சரிக்கை: குழாயிலிருந்து சொட்டினாலும் மார்பிளில் தடம் விழும். கல் என்னவென்று சந்தேகம் வந்தால், கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். அங்கே சாதாரண சோப்புத் தண்ணீர் மட்டும்.

அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பாத்ரூமில் அடுத்தடுத்துப் பயன்படுத்தவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய சின்ன பாத்ரூமில் அது ஆளைச் சாய்த்துவிடும். செப்டிக் டேங்க் வேலையை எவ்வளவு கொடுத்தாலும் எடுக்காதீர்கள்: பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதைவிட உயிர் போகும். நாளாக மூடிக் கிடந்த சம்ப்பிலும் காற்று கெட்டிருக்கும். யாரையும் இறக்கிவிடாதீர்கள்.

தெருவில் வேலை கிடைக்குமா என்பது நீங்கள் இப்போது நடந்துகொள்வதைப் பொறுத்தது. இன்றே நேரில் போய்த் தவறை ஒப்புக்கொண்டு, பாலிஷ் செலவை ஏற்பதாகச் சொல்லுங்கள். இரண்டு வீட்டு லாபம் போகும். ஆனால் தெருவில் பேசப்படுவது "கெடுத்துட்டாங்க" என்பதிலிருந்து "கெட்டதைச் சரி பண்ணிக் கொடுத்தாங்க" என்று மாறும். இனி எந்த வீட்டிலும் வேலையைத் தொடங்கும் முன் தரை, குழாய், கண்ணாடி, சுவிட்ச் போர்டு ஆகியவற்றை வீட்டுக்காரர் கூடவே நின்று போட்டோ எடுத்துவிடுங்கள். நகை, பணத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அவரே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு முன் ஏணியை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள், வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அவர்களை வாடிக்கையாளராகப் பிடிக்க முடியுமா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தாராளமாக. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர்: அக்கா, மாமனார், எதிர்வீட்டுக்காரர். அவர் கூட இருக்கும்போது மட்டும் திறந்து வேலை செய்யுங்கள், சாவியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். விடுமுறைக்கு ஊர் வருவதற்கு ஐந்து நாள் முன்பு செய்வதே சரி. பத்து நாள் முன்பே முடித்தால் மறுபடி தூசி படிந்துவிடும். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் செய்தால் ஈர வாடை போகாது.

பூட்டிய வீட்டில் வேலையின் வரிசை வேறு. முதலில் ஜன்னல்களைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றோட்டம். எல்லாக் குழாய்களையும் திறந்து துருத் தண்ணீர் போகும்வரை ஓட விடுங்கள். தரை வடிகால்கள் ஒவ்வொன்றிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். வடிகாலுக்கு அடியில் உள்ள வளைவில் (டிராப்) நின்ற தண்ணீர் வற்றியதால்தான் அந்த நாற்றமும் கரப்பானும். மேல்தொட்டியைக் காலி செய்து கழுவி நிரப்புங்கள். அப்புறம் ஒட்டடை, கடைசியில் தரை. முடித்ததும் வீடியோ அழைப்பில் வீட்டுக்காரருக்கு அறை அறையாகக் காட்டுங்கள். மெயின் சுவிட்ச், கேஸ் வால்வ், மோட்டார் மூன்றையும் தனியாகக் காட்டி, அணைத்துவிட்டதை அவர் கண்ணால் பார்க்கட்டும். அந்த அழைப்பிலேயே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே போல வந்து திறந்து பார்க்க என்ன தொகை என்பதையும் சொல்லிவிடுங்கள்.